சுண்டைக்காய், உளுந்து, ஒரு டியூப்லைட் பெட்டி: சூரிய கிரகணத்தை எல்லாப் பாடவேளையிலும் நடத்துவது எப்படி?

தமிழ்நாட்டில் கிரகணத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏதோ ஆகாது. 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடி, கன்னியாகுமரிப் பக்கம் கங்கண கிரகணம் (நடுப்பகுதி மறைந்து சூரியன் வளையமாகத் தெரிவது) தெரிந்தபோது பொங்கல் விடுமுறை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளையம் போனபோது அரையாண்டு விடுமுறை. 2020 ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை. அதுவும் ஊரடங்குக் காலம். 2022 அக்டோபர் 25 தீபாவளிக்கு மறுநாள், பிள்ளைகளில் பாதிப் பேர் சொந்த ஊரில். அடுத்த கங்கண கிரகணம் மதுரைப் பக்கம் 2031 மே 21 அன்று வருகிறது. அப்போது கோடை விடுமுறை.

இடையில் ஒரு நாள் நமக்குச் சிக்கியிருக்கிறது. 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, ஆடி அமாவாசை. எகிப்தின் லக்சர் நகரில் ஆறு நிமிடத்துக்கும் மேல் முழு கிரகணம். நமக்கு மாலையில் பகுதி கிரகணம். ஆடி அமாவாசைக்கு உள்ளூர் விடுமுறை விடும் மாவட்டமாக இல்லாவிட்டால் பிள்ளைகள் அன்று பள்ளியில் இருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த நாளை மனத்தில் வைத்து எழுதியது. ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். கிரகணம் பற்றி இதுவரை பாடமே எடுத்திராத ஆசிரியரும், வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் பெற்றோரும் இதைப் பின்பற்றலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரகண நாளில் நீங்கள் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. அன்று கூச்சல்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பாடமெல்லாம் அதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் நடக்கிறது.

முதலில் படம் வரையச் சொல்லுங்கள்

எதையும் விளக்காமல் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "சூரிய கிரகணம் எப்படி வருகிறது? வரைந்து காட்டு" என்று சொல்லுங்கள். திருத்தாதீர்கள். பெயரும் தேதியும் எழுதி வாங்கி வையுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

வரும் படங்களில் பாதிக்கு மேல் பாடப்புத்தகப் படத்தின் நகலாக இருக்கும்: பெரிய மஞ்சள் வட்டம், பக்கத்திலேயே நீல வட்டம், நடுவில் சாம்பல் வட்டம். எனக்கு அந்தப் படத்தின் மேல் தீராத மனத்தாங்கல் உண்டு. மூன்றும் ஒரே தாளில் அடங்க வேண்டும் என்பதற்காக அளவுகளையும் தூரங்களையும் குலைத்துத்தான் அதை வரைய முடியும். அதைப் பார்த்து வளரும் பிள்ளை, "அப்படியானால் மாதம் ஒரு கிரகணம் வர வேண்டுமே?" என்று கேட்டால் தப்பு அந்தப் பிள்ளை மேல் இல்லை.

இன்னும் சில பேர் தேய்பிறையையே பூமியின் நிழல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பேசித் தீர்க்க முடியாது, நிலாவைப் பார்க்க வைத்துத்தான் தீர்க்க வேண்டும். கிரகணத்துக்கு முந்தைய அமாவாசையிலிருந்து (2027-ல் ஜூலை 4) தினமும் நிலா எந்தப் பக்கம், என்ன வடிவம், எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதி வரட்டும். மேகம் என்றால் மேகம் என்று எழுதட்டும். பௌர்ணமி தாண்டியதும் நிலா ராத்திரியில் தாமதமாகிக்கொண்டே போகும், பிறகு காலையில் பள்ளிக்கு வரும் வழியில் வெளுத்துத் தெரியும், நாளுக்கு நாள் சூரியனை நெருங்கும், ஒரு நாள் காணாமல் போகும். "எங்கே போச்சு?" என்று யாராவது கேட்பார்கள். சூரியன் இருக்கும் பக்கமே போய்விட்டது என்று அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையே சொல்லும்.

சுண்டைக்காய் அளவில் பூமி

இதுதான் முக்கியமான பாடம். ஒரு வேளை முழுக்க ஒதுக்குங்கள்.

ஒரு சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் விட்டம் 12,742 கி.மீ., அதாவது 1.3 செ.மீ.: ஒரு சுண்டைக்காய். நிலவின் விட்டம் 3,474 கி.மீ., அதாவது மூன்றரை மில்லிமீட்டர்: ஒரு உளுந்து. இரண்டுக்கும் இடையே 3,84,400 கி.மீ., அதாவது 38 செ.மீ. நூல். சூரியன் 1 மீட்டர் 39 செ.மீ. அகல வட்டம். செய்தித்தாள்களை ஒட்டி வெட்டிக்கொள்ளலாம். அது இருக்க வேண்டிய இடம் 150 மீட்டர் தள்ளி.

150 மீட்டர் நம் பள்ளி மைதானத்தில் கிடைப்பது கடினம். தெருவில் போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். செய்தித்தாள் சூரியனை இரண்டு பிள்ளைகள் ஒரு முனையில் தூக்கிப் பிடிக்கட்டும். மறுமுனையில் ஒரு பிள்ளை, ஈர்க்குச்சி நுனியில் பசை வைத்து ஒட்டிய உளுந்தைக் கண்ணிலிருந்து 38 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கட்டும். (உண்மையான சூரியன் எதிரே இல்லாத திசையில்தான் இதைச் செய்ய வேண்டும்.)

செய்தித்தாள் சூரியன் அந்த உளுந்துக்குப் பின்னால் அப்படியே மறைந்துவிடும். கிட்டத்தட்ட அச்சு அசலாக.

எத்தனை முறை செய்தாலும் எனக்கே இது அலுக்கவில்லை. சூரியன் நிலவைவிட 400 மடங்கு பெரிது, ஏறக்குறைய அதே 400 மடங்கு தொலைவில் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். உளுந்து மறைக்கும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். "சார், கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா ஓரம் தெரியுது" என்று ஒருவர் சொன்னால் கங்கண கிரகணத்தை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். நிலவின் தூரம் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நம் நூலில் 36 முதல் 40 செ.மீ. வரை கூடிக் குறையும். நெருங்கியிருந்தால் முழு கிரகணம், விலகியிருந்தால் சுற்றிலும் ஒரு வளையல். கங்கணம் என்றாலே வளையல்தானே.

அடுத்து, மாதம் ஒரு கிரகணம் ஏன் இல்லை என்ற கேள்வி. நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. 38 செ.மீ. நூலில் 5 பாகை என்றால் உளுந்து மூன்றரை செ.மீ. வரை மேலே ஏறும், கீழே இறங்கும். சுண்டைக்காயின் அகலமே 1.3 செ.மீ. தான். ஆகவே பெரும்பாலான அமாவாசைகளில் உளுந்தின் நிழல் சுண்டைக்காய்க்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும். சரியாக விழுந்தாலும், முழு கிரகண நிழலின் அகலம் பெரும்பாலும் நூறு இருநூறு கிலோமீட்டர்தான். நம் அளவில் ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன். ஒரே ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு முழு கிரகணம் ஏன் அவ்வளவு அரிது என்பது இங்கேயே விளங்கிவிடும்.

சாய்வைக் காட்ட இன்னொரு வழி: அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, எம்பிராய்டரி வளையத்தைச் சற்றே சாய்த்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி பிடியுங்கள். தண்ணீர் மட்டம் சூரியன் போகும் பாதையின் தளம், வளையம் நிலவின் பாதை. இரண்டும் சந்திப்பது இரண்டே புள்ளிகளில். சூரியன் அந்தப் புள்ளிகளை ஒட்டி வரும் காலத்தில் அமாவாசை வந்தால்தான் சூரிய கிரகணம். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நம் வானியலில் உள்ள பெயர்கள் ராகு, கேது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். அப்படியே விட்டுவிடுங்கள், தமிழ் வகுப்பில் பிடித்துக்கொள்ளலாம்.

கணக்கு வகுப்பு: சூரியனை அளப்போம்

நான்கடி டியூப்லைட் வரும் நீள அட்டைப்பெட்டி ஒன்றை எலக்ட்ரிக் கடையில் கேட்டு வாங்குங்கள். ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடி, நடுவில் குண்டூசியால் ஒரே ஒரு துளை போடுங்கள். மறுமுனையை உள்பக்கமாக வெள்ளைத்தாள் ஒட்டி மூடி, அந்த முனைக்கு அருகில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, பெட்டியைத் தோள்மேல் வைத்து, துளை சூரியனைப் பார்க்கும்படி திருப்பி, ஜன்னல் வழியாக வெள்ளைத்தாளைப் பாருங்கள். தாளில் விழும் சின்ன வட்டம் துளையின் உருவம் இல்லை, சூரியனின் பிம்பம். நம்பாதவர்கள் துளையைச் சதுரமாக வெட்டிப் பார்க்கலாம். அது சிறிதாக இருக்கும்வரை பிம்பம் வட்டமாகவே விழும்.

பெட்டியின் நீளம் 1,200 மி.மீ., பிம்பம் சுமார் 11 மி.மீ. சூரியனின் தூரம் 15 கோடி கி.மீ. விகித சமம் போட்டால் விட்டம் 13 லட்சத்து 75 ஆயிரம் கி.மீ. என்று வரும். உண்மையான அளவு ஏறக்குறைய 13 லட்சத்து 92 ஆயிரம். ஏழாம் வகுப்புப் பிள்ளை அட்டைப்பெட்டியால் சூரியனை அளந்துவிட்டது! இதற்குக் கிரகணமே வேண்டாம், எந்த வெயில் நாளிலும் செய்யலாம்.

இரண்டாவது கணக்கு, 18 ஆண்டு 11 நாள். கிரகணங்கள் இந்த இடைவெளியில் ஏறக்குறைய அதே சாயலில் திரும்பி வரும். இதற்கு சாரோஸ் சுழற்சி என்று பெயர். 2009 ஜூலை 22 அன்று சூரத், வாரணாசி, பாட்னா வழியாக முழு கிரகணம் போனது. 18 ஆண்டும் 11 நாளும் கூட்டச் சொல்லுங்கள். 2027 ஆகஸ்ட் 2 வரும். சரியான கணக்கு 18 ஆண்டு, 11 நாள், அதற்கு மேல் சுமார் 8 மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால் கிரகணப் பாதை மேற்கே தள்ளிப் போகிறது. அதனால்தான் அன்று இந்தியா, சீனா. இந்த முறை வட ஆப்பிரிக்கா, அரேபியா. பதினோரு நாள் சில சமயம் பத்தாவது ஏன் என்று கேளுங்கள். லீப் ஆண்டை எண்ணத் தெரிந்த பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, கட்டத்தாள். சம அளவுள்ள இரண்டு வட்டங்களை, ஒன்றின் விட்டத்தில் பாதியை மற்றது மறைக்கும்படி வரைந்து, மறைந்த கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். பாதி விட்டம் மறைந்தால் பாதிப் பரப்பு மறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வருவது 39 சதவீதம். செய்தித்தாளில் "இத்தனை சதவீத கிரகணம்" என்று போட்டால் அது விட்டமா, பரப்பா என்று அதன் பிறகு கேட்கத் தொடங்குவார்கள்.

தமிழ் வகுப்பு: திங்களைப் பாம்பு கொண்டது

"கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும்
திங்களைப் பாம்புகொண் டற்று" (குறள் 1146)

நான் அவரைக் கண்டது ஒரே ஒரு நாள், ஊர்ப்பேச்சோ நிலவைப் பாம்பு பிடித்த செய்தி மாதிரி எங்கும் பரவிவிட்டது. காமத்துப்பால் குறள் என்று தயங்க வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு ஊர்வம்பு பற்றிய குறளாகவே நடத்தலாம். வகுப்பில் கேட்க நல்ல கேள்வி ஒன்று உண்டு: வள்ளுவர் ஏன் சூரியனைச் சொல்லாமல் திங்களைச் சொன்னார்? எனக்குத் தோன்றும் பதில்: சந்திர கிரகணத்தை அந்த நேரம் இரவாக இருக்கும் ஊர்கள் எல்லாமே வெறுங்கண்ணால் பார்க்கும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிடும். வதந்திக்கு அதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. பிள்ளைகள் வேறு பதில் சொன்னால் இன்னும் நல்லது.

பிறகு வீட்டுப்பாடமாக ஆச்சி, பாட்டி, தாத்தாவிடம் பேட்டி. கிரகணத்தன்று உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை போடுவீர்களா? கர்ப்பிணிகளை வெளியே விடமாட்டீர்களா? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பதிலை அவர்கள் பேச்சுவழக்கிலேயே எழுதி வர வேண்டும். "கிரகணம் பிடிக்கும், விடும்" என்கிற அந்த வினைச்சொற்களே ஒரு பாடவேளைக்குப் பேசப் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாட்டியைத் தோற்கடிப்பதற்காகப் பாடம் எடுக்காதீர்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஆசிரியர் தீர்ப்பு சொன்னால் பிள்ளை வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று பேசப் பழகிக்கொள்ளும். சோதித்துப் பார்க்க முடிந்த ஒன்றை எடுத்துச் சோதியுங்கள். உலக்கை அதற்கென்றே வாய்த்தது. கிரகண நேரத்தில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானே செங்குத்தாக நிற்கும் என்பார்கள். நிற்கும், உண்மைதான். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் உலக்கையைக் கொண்டுவந்து பொறுமையாக நிறுத்திப் பாருங்கள். அடியில் இருக்கும் பூண் தட்டையாக இருந்தால் அன்றைக்கும் நிற்கும். (கனமானது. பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், பிள்ளைகளின் கால்கள் தள்ளி இருக்க வேண்டும்.) நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

வரலாறு, புவியியல்

1868 ஆகஸ்ட் 18 அன்று ஆந்திரக் கரையோரத்தின் மேல் முழு கிரகணம் கடந்தது. குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் பார்த்தார், மசூலிப்பட்டினத்திலிருந்து மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் பார்த்தார். அந்தக் காலத்தில் சூரிய ஒளியின் நிறமாலையில் பார்த்த ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அதுதான் ஹீலியம். பூமியில் அதைப் பிரித்தெடுக்க 1895 வரை ஆனது. அதே மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1868 கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து கவனித்தார்.

ஆனால் பிள்ளைகளை அதிகம் பிடிப்பது புதுச்சேரிக் கதைதான். 1825-ல் புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களை (எண்களைச் சொற்களில் பொதிந்து வைத்த வரிகளை) மட்டும் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் அதைப் பதிவு செய்து வைத்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிசகு. தாள் இல்லை, பேனா இல்லை. இதைச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் கையில் சோழியோ புளியங்கொட்டையோ கொடுத்து ஒரு நான்கு இலக்கக் கூட்டலைத் தரையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

புவியியலுக்கு உலகப்படத்தில் பாதை வரைந்தால் போதும். 2027 பாதை அட்லாண்டிக் பெருங்கடலில் தொடங்கி ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, எகிப்து, சவூதி, ஏமன், சோமாலியா தாண்டி இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது, நிழல் ஏன் மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது என்ற கேள்வியைப் போட்டுவிட்டு நகருங்கள். நிலாக் குறிப்பேட்டில் பதில் இருக்கிறது.

கண்: இதில் மட்டும் கண்டிப்பு

பகுதி கிரகணத்திலும் கங்கண கிரகணத்திலும் ஒரு நொடிகூட வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுவிட்டது என்பதே மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியவரும்.

எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், சிடி, கரி பூசிய கண்ணாடி, பழைய போட்டோ நெகட்டிவ் எதுவும் உதவாது. சாணம் கரைத்த தண்ணீரில் தெரியும் பிம்பமும் அப்படித்தான். பாட்டி காலத்திலிருந்து பார்த்தோம் என்பார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் பெற்ற கிரகணக் கண்ணாடி, அல்லது 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் சூரியனைத் தவிர அறையில் எதுவுமே தெரியக் கூடாது. கீறல் விழுந்திருந்தால் அப்போதே கிழித்துப் போடுங்கள். போட்டுக்கொண்ட பிறகு தலையை நிமிர்த்த வேண்டும், குனிந்த பிறகு கழற்ற வேண்டும். இதை முந்தின நாளே நான்கு முறை பழக்குங்கள். பைனாகுலர் பக்கம் அதைப் போட்டுக்கொண்டும் போகக் கூடாது. முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்; கடைசி வாரத்தில் ஆர்டர் செய்து, கிரகணம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பார்சலைப் பிரித்த அனுபவம் எனக்கு உண்டு.

மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கண்ணாடியே வேண்டாம், பிம்பம் மட்டும் போதும். ஒரு கைக்கண்ணாடியை முழுவதும் தாளால் மூடி, நடுவில் ஒரு சுண்டுவிரல் நகமளவு ஓட்டை விட்டு, வெளியே வெயிலில் வைத்து ஒளியை இருட்டறைச் சுவரில் விழவையுங்கள். பத்து மீட்டர் தள்ளி விழுந்தால் ஒன்பது செ.மீ. அகலத்தில் சூரியன் கிடைக்கும். முதல் முறை நான் கண்ணாடியை ஒரு ஸ்டூலில் வைத்தேன். ஒளிக்கற்றை சரியாகப் பிள்ளைகளின் முக உயரத்தில் போயிற்று. ஒரு பையன் கற்றைக்குள்ளேயே நின்று கண்ணாடியை எட்டிப் பார்க்கப் போனான். நல்லவேளை, பக்கத்தில் இருந்த டீச்சர் இழுத்துவிட்டார். கண்ணாடியைத் தலைக்கு மேலே உயரத்தில் வையுங்கள், குறுக்கே கயிறு கட்டுங்கள்.

அன்றைய நாள்

2027-ல் மாலை நேரம் என்பதால் சூரியன் மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும். எங்கே நின்றால் கட்டடமும் மரமும் மறைக்காது என்று ஒரு வாரம் முன்பே அதே நேரத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கான நேரத்தைச் செய்தித்தாளில் பார்த்துக் கரும்பலகையில் எழுதுங்கள். பள்ளி விட்ட பிறகும் நிற்க வேண்டியிருந்தால் பெற்றோருக்கு முன்கூட்டியே சீட்டு அனுப்ப வேண்டும். அமாவாசைத் தர்ப்பணம், விரதம் என்று வர விரும்பாதவர்களை வற்புறுத்தாதீர்கள். சாப்பிட்டுக் காட்டும் வீரமும் வேண்டாம், பசித்தவர்கள் சாப்பிடட்டும்.

பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். ஒரு குழு கண்ணாடி, ஒரு குழு டியூப்லைட் பெட்டி, ஒரு குழு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானி. ஒரு குழு மரத்தடியில். புங்கமரத்தின் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு துளைதான். வழக்கமாகத் தரையில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சம் அன்று கடித்த அப்பளமாக விழும். வெள்ளைத் தாளை விரித்துப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம், ஓவிய வகுப்பு அங்கேயே முடிந்தது. மாலை வெயில் சாய்வாக வருவதால் மரத்தடியைவிடச் சுவரில் நன்றாகத் தெரியலாம். மரம் இல்லையென்றால் சத்துணவுக் கூடத்தில் பூந்திக்கரண்டி கேளுங்கள். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தால் ஐம்பது சூரியன்.

இருட்டிவிடும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். 2019-ல் சூரியனில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மறைந்த ஊர்களிலேயே பகல் பகலாகத்தான் இருந்தது. மேகம் மூடினால் வெப்பமானிக் குழுவுக்கு மட்டும் வேலை இருக்கும். மற்றவர்களுக்கு உளுந்தையும் செய்தித்தாள் சூரியனையும் கையோடு கொண்டுபோய் வைத்திருங்கள்.

மறுநாள் முதல் வேளையில் புதிய தாள் கொடுத்து அதே கேள்வியைக் கேளுங்கள்: சூரிய கிரகணம் எப்படி வருகிறது? வரைந்து முடித்ததும் பழைய படத்தைத் திருப்பிக் கொடுத்து, இரண்டையும் சேர்த்துப் பின் அடிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருத்தி இரண்டாவது படத்தில் ஒரு மூலையில் சூரியனை வரைந்துவிட்டு, எதிர் மூலையில் அம்புக்குறி போட்டு, "பூமி இந்தத் தாளில் இல்லை. ஹெட்மாஸ்டர் ரூம் பக்கத்தில் இருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.